புதுப்பிப்பு: முத்தையன்கட்டுக் குளத்தருகே தங்கலும் நடையும்

இலங்கையின் வடக்கே வன்னிப் பகுதியில் பெற்றோருடன் அமைதியாகத் தங்கி, அருகிலேயே காட்டோரம் நடந்துவர ஏற்ற குடில் எங்கே கிடைக்கும் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

விடுதிகளைத் தேடாமல் ஒட்டுசுட்டான் பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் விசாரிக்கச் சொன்ன வவுனியா அண்ணாவின் யோசனையே பலித்தது. ஏ9 வீதியில் மாங்குளச் சந்தியில் கிழக்கே திரும்பி, முல்லைத்தீவு வீதியால் ஒட்டுசுட்டானை அடைந்து, அங்கிருந்து முத்தையன்கட்டுக்குச் சென்றோம். கிடைத்தது கிடுகு வேய்ந்த மண்குடில். நண்பகலிலும் உள்ளே குளிர்ச்சியாக இருந்ததால் அப்பா மின்விசிறியைக் கேட்கவே இல்லை.

நடைக்குக் குளக்கட்டே போதும் என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். அது முற்றிலும் சரி: விடியலில் புறப்பட்டு வெயில் ஏறுமுன் திரும்பினால், ஒரு பக்கம் நீர்ப்பரப்பும் மறுபக்கம் வயலுமாக, முதியவர்களும் களைப்பின்றி நடக்கலாம்.

நான் எதிர்பாராதது கரடி. பாலைப்பழம் பழுக்கும் காலத்தில் கரடிகள் அம்மரங்களைத் தேடி வருவதால், காட்டுப்பாதையில் தனியே போகவேண்டாம் என்று வீட்டுக்கார ஐயா உறுதியாகத் தடுத்தார். மாலையில் யானை நடமாட்டமும் உண்டு. மண்டையோடு வரைந்த சிவப்புக் கண்ணிவெடிப் பலகை தென்பட்டால், ஊரவர் துணையிருந்தாலும் அப்பால் ஓர் அடிகூட வைக்கக்கூடாது. ஐப்பசி முதல் மழை பிடித்தால் உட்பாதைகள் சேறாகிவிடும் என்பதால், அதற்கு முன்னரே செல்வது நல்லது.