மலை ரயில், இரண்டு வாண்டுகள், ஒரு மாமியார்: தாங்குமா?

பெரம்பூர்க்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பொங்கல் கூட்டம் ஓய்ந்ததும் ஜனவரிக் கடைசியில் ஊட்டி போகலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. பேச்சு என்பதைவிட வழக்கு என்று சொல்லலாம். வாதி என் கணவர். மேட்டுப்பாளையத்தில் ஏறி ஊட்டி வரை மலை ரயிலிலேயே போக வேண்டும், இல்லாவிட்டால் போகவே வேண்டாம் என்கிறார். பிரதிவாதி நான். கிளம்பப் போகிறவர்கள் யார் யார் என்று பார்த்தால் நீங்களும் என் பக்கம் வருவீர்கள்.

பெரியவளுக்கு நாலரை வயது. பஸ்ஸில் ஏறினால் கிண்டி தாண்டுவதற்குள் முகம் வெளுத்துவிடும், பை தயாராக இருக்க வேண்டும். வாந்தி வராத நேரத்தில் "அம்மா, ஒன்றுக்கு" என்பாள். சின்னவனுக்கு ஒன்றரை வயது. நடக்கக் கற்றதிலிருந்து உட்காருவதை விட்டுவிட்டான். போன வாரம் ரேஷன் கடை வரிசையில் முன்னால் நின்றவரின் பைக்குள் கையை விட்டு ஒரு வெங்காயத்தை எடுத்துக் கடித்துவிட்டான். அழவும் இல்லை, துப்பவும் இல்லை. இவர்களோடு என் மாமியார். அறுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலிலும் வலி, படி இறங்குவதுதான் பெரிய சிரமம்.

மலை ரயிலில் கழிப்பறையே கிடையாது என்கிறார்களே, உண்மையா? ஐந்து மணி நேரம் இவர்களை வைத்துக்கொண்டு எப்படி ஓட்டுவது? பெரியவள் வேறு "புகை விடுகிற எஞ்சின்" என்று ஒரு மாதமாக வீட்டுச் சுவரெல்லாம் வரைந்துவைத்திருக்கிறாள். அதைக் காட்டாமல் திரும்பி வந்தால் என்னை மன்னிக்க மாட்டாள். எங்களிடம் கார் இல்லை. குழந்தைகளோடு போய் வந்தவர்கள் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். "குழந்தைகள் ரொம்ப ரசிப்பார்கள்" என்ற பதில் மட்டும் வேண்டாம், அதை என் கணவரே தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வெலிங்டன் வீட்டுக்காரி எழுதியது:

உண்மைதான். பெட்டிக்குள் கழிப்பறை இல்லை. பழைய பாணிப் பெட்டிகள், ஒரு தடுப்பிலிருந்து அடுத்ததற்கு உள்ளேயே நடந்து போகவும் வழியில்லை. எதிரெதிரே பலகை இருக்கை, முழங்காலோடு முழங்கால் இடிக்கும். உங்கள் சின்னவன் நடக்க ஆசைப்பட்டால் உங்கள் மடியில் தொடங்கி எதிரில் இருப்பவர் மடியில் முடிக்க வேண்டியதுதான். எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க வழியில் நிறுத்துவார்கள். ஹில்குரோவ் என்ற நிலையத்தில் கொஞ்சம் தாராளமாக நிற்கும், கழிப்பறையும் உண்டு. ஆனால் ரயிலில் உள்ள அத்தனை பேரும் அந்த ஒரே கதவை நோக்கித்தான் நடப்பார்கள். பிஸ்கட் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பிள்ளையை இறக்கிவிடாதீர்கள், அங்கே குரங்குகள் அதற்காகவே காத்திருக்கின்றன.

இதைவிட எனக்குக் கவலை முந்தைய இரவுதான். சென்னையிலிருந்து இரவு வண்டியான நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்தால் காலை ஆறேகால் வாக்கில் மேட்டுப்பாளையத்தில் இறங்குவீர்கள். மலை ரயில் 7.10-க்குக் கிளம்பும். அரைத் தூக்கத்தில் இருக்கும் இரண்டு பேரை எழுப்பி, முகம் கழுவி, பாலாற்றிக் கொடுத்து, சின்னவனுக்கு டயப்பர் மாற்றி, மாமியாரைக் கைப்பிடித்து அடுத்த நடைமேடைக்கு அழைத்துப்போக வேண்டும். உங்கள் கணவர் அந்த நேரத்தில் எஞ்சினைப் படம் பிடித்துக்கொண்டிருப்பார். இதை நான் ஜோசியமாகச் சொல்லவில்லை. கோடை வந்தால் எங்கள் வீட்டுக்கு வரும் உறவினர்களிடம் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

என் யோசனை இதுதான். மேட்டுப்பாளையத்தில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வாடகைக் காரில் குன்னூர் வந்துவிடுங்கள். ஊட்டியில் அறை எடுக்க வேண்டாம். குன்னூர் அதைவிட ஏறக்குறைய நானூறு மீட்டர் தாழ்வு, ஜனவரியில் அந்த வித்தியாசம் குழந்தையின் மூக்கில் தெரியும். மறுநாள் காலை பத்தரை மணியை ஒட்டிக் குன்னூர் ரயில் நிலையத்துக்குப் போய் நில்லுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் வண்டி அங்கே நிற்கும், நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை மாட்டுவார்கள். புகை, சீட்டி, எண்ணெய் வாடை எல்லாம் பக்கத்திலேயே கிடைக்கும். ஒரு பிளாட்பாரம் டிக்கெட்டில் மகளின் ஆசை தீர்ந்துவிடும். ரயிலில் போயே ஆக வேண்டுமென்றால் குன்னூரிலிருந்து ஊட்டி வரை மட்டும் போங்கள். 19 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம் ஆகும். அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று நின்று நின்று போகும். கேத்திப் பள்ளத்தாக்கைப் பார்க்க மாமியார் எழுந்திருக்கக்கூட வேண்டாம்.

குன்னூர் சிம்ஸ் பூங்காவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 1874-இல் அமைத்த அழகான பூங்காதான், ஆனால் வாசலிலிருந்து குளம் வரை ஒரே இறக்கம். மாமியாரை மேலேயே ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் பிள்ளைகளோடு இறங்குங்கள். திரும்பி ஏறும்போது சின்னவன் தூக்கச் சொல்வான். யார் தூக்குவது என்பதைக் கீழே இறங்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

கோவை அப்பா எழுதியது:

பயமுறுத்தாதீர்கள் சகோதரி. எங்கள் பிள்ளைகள் இருவரும் இரட்டையர், மூன்று வயதில் முழுத் தூரமும் அழைத்துப் போனோம். குகைக்குள் வண்டி நுழையும்போதெல்லாம் பெட்டி முழுவதும் கத்தும், அவர்களும் சேர்ந்து கத்தினார்கள். கழிப்பறைக்கு டயப்பர் போதும். குழந்தைகள் ரொம்ப ரசித்தார்கள்.

பெரம்பூர்க்காரி எழுதியது:

கோவை அப்பா, கடைசி வரியைத் தவிர மற்றவற்றுக்கு நன்றி. ஒன்று கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஐந்து மணி நேரமும் இருவரும் யார் மடியில் இருந்தார்கள்?

கோவை அப்பா எழுதியது:

ஒருவன் அவனுடைய அம்மா மடியில். இன்னொருவனும் பெரும்பாலும் அங்கேதான்.

ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் எழுதியது:

அம்மா, வணக்கம். நான் மேட்டுப்பாளையத்துக்காரன். இங்கே யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மலை ஏறும்போது எஞ்சின் வண்டிக்கு முன்னால் இருக்காது, பின்னால் நின்று தள்ளும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை போட்டிருக்கிறோம். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். ஏறக்குறைய பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றம் அது. அப்படிப்பட்ட சரிவில் எஞ்சின் எப்போதும் கீழ்ப்பக்கம் இருப்பதுதான் பாதுகாப்பு, பெட்டி கழன்றாலும் எஞ்சின் தாங்கிக்கொள்ளும். எனவே முன் பெட்டியில் இடம் கிடைத்தால், மகள் எஞ்சினைப் பார்க்காமலேயே குன்னூர் வந்து சேர்வாள். வளைவுகளில் எட்டிப் பார்த்தால் உண்டு. மொத்தம் 208 வளைவு என்றாலும், நாலரை வயதுக் குழந்தையை ஜன்னலுக்கு வெளியே எட்ட விடுவீர்களா?

இறங்கும்போது எஞ்சின்தான் முன்னால். ஊட்டியில் மதியம் 2 மணிக்குக் கிளம்பும் வண்டி குன்னூர் வரை டீசலில் வரும், அங்கே நீராவி எஞ்சினை மாட்டுவார்கள், மாலை ஐந்தரை மணியை ஒட்டி மேட்டுப்பாளையம். ஏறுவதைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைவு. மதியச் சாப்பாட்டுக்குப் பின் என்பதால் குழந்தைகள் தூங்கவும் வாய்ப்புண்டு. குன்னூரிலிருந்து கீழே மட்டும் வேண்டுமானால் அங்கேயே ஏறிக்கொள்ளலாம், டிக்கெட் இருந்தால்.

ஒவ்வொரு பெட்டியின் முன்பக்கத்திலும் பிரேக்ஸ்மேன் (பிரேக் போடும் ஊழியர்) ஒருவர் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியுமாக வெளியே நிற்பார். மகளுக்கு அவரைக் காட்டுங்கள். நாங்கள் பார்த்த வரையில் குழந்தைகளுக்கு மலையைவிட அவரைத்தான் பிடிக்கிறது. கையசைத்தால் அவரும் அசைப்பார்.

டிக்கெட் விஷயம்: ஐந்து வயது நிறையாத குழந்தைக்குக் கட்டணம் இல்லை, ஆனால் தனி இருக்கையும் இல்லை. விரும்பினால் முழுக் கட்டணம் கொடுத்து இருக்கை எடுக்கலாம். பெரியவளுக்கு எடுத்துவிடுங்கள். அந்தக் குறுகிய பலகையில் அந்த ஓர் இடம் உங்கள் எல்லோருக்கும் மூச்சு விட உதவும். முன்பதிவு 60 நாள் முன்னதாகத் திறக்கும், வார இறுதி இருக்கைகள் சீக்கிரம் முடிந்துவிடும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்றால் யோசிக்கச் சொல்லியிருப்பேன். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து பாதை மூடுவது எங்களுக்குப் பழக்கமான செய்தி. ஜனவரிக் கடைசியில் அந்தத் தொல்லை குறைவு. 1899-இல் குன்னூர் வரையும், 1908-இல் ஊட்டி வரையும் போட்ட பாதை, இன்னும் ஓடுகிறது. முடிந்த வரை அதில் ஒரு துண்டாவது போய்ப் பாருங்கள் என்பதுதான் என் கட்சி.

பெரம்பூர்க்காரி எழுதியது:

ஐயா, எஞ்சின் பின்னால் இருக்கும் என்ற ஒரே வரியில் எங்கள் வீட்டு வழக்கு முடிந்துவிட்டது. கணவரிடம் படித்துக் காட்டினேன், "அப்படியா!" என்று எழுந்து நின்றே கேட்டார். அவருக்கும் தெரியாது போலிருக்கிறது.

திருப்பம் எங்கிருந்து வந்தது தெரியுமா? மாமியாரிடமிருந்து. அவருடைய முழங்காலைக் காரணம் காட்டித்தான் இத்தனை நாள் நான் வாதாடினேன். இதையெல்லாம் கேட்டுவிட்டு, "மூட்டு வலிப்பது நடந்தால்தானே, உட்கார்ந்தால் என்ன வலி? என்னை அந்த ரயிலில் ஏற்றிவிடு, பிள்ளைகளை நீ எப்படியாவது கொண்டு வா" என்றார்.

எனவே இப்போதைய ஏற்பாடு இப்படி இருக்கிறது. காரில் ஏறுவது, குன்னூரில் தங்குவது, காலையில் எஞ்சின் மாற்றுவதை நின்று பார்ப்பது, கடைசி நாளில் குன்னூரிலிருந்து ரயிலில் இறங்குவது. மிச்சம் உள்ள கவலை இரண்டு. கார் ஏறும்போது பெரியவளின் வாந்தி. பிறகு மாலை ஐந்தரைக்கு மேட்டுப்பாளையத்தில் இறங்கினால் சென்னை வண்டி இரவு ஒன்பது மணிக்கு மேல்தானே? அதுவரை இவர்களை என்ன செய்வது?

வெலிங்டன் வீட்டுக்காரி எழுதியது:

உங்கள் மாமியாரை எனக்குப் பிடித்துவிட்டது.

வாந்திக்கு: காலையில் இரண்டு இட்லி போதும், பால் வேண்டாம், பூரி வேண்டவே வேண்டாம். கைப்பேசியைக் கொடுக்காதீர்கள், கொண்டை ஊசி வளைவில் திரையைப் பார்த்தால் பெரியவர்களுக்கே குமட்டும். தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டுநரிடம் கிளம்பும்போதே "வளைவில் மெதுவாகப் போங்கள், பர்லியாறில் நிறுத்துங்கள்" என்று சொல்லிவிடுங்கள். பாதி வழியில் பிள்ளை இறங்கிப் பத்து நிமிடம் நின்றாலே பாதிக் குமட்டல் போய்விடும். மருந்து என்றால் உங்கள் குழந்தை மருத்துவரிடம் இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள், மெடிக்கல் கடையில் கேட்டு வாங்காதீர்கள். ஏறும்போது காது அடைக்கும், சின்னவனுக்குக் குடிக்க ஏதாவது கொடுத்துக்கொண்டே இருந்தால் அழ மாட்டான்.

கார் பேசும்போது இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) பற்றிக் கேளுங்கள். 2024 மே மாதத்திலிருந்து வெளி மாவட்ட வண்டிகள் அதைப் பதிந்துதான் மேலே வர வேண்டும். டி.என். 43 என்ற நீலகிரிப் பதிவு வண்டிக்கு அது வேண்டியதில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இங்கே தடை, எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாருங்கள். வெந்நீருக்கு ஒரு பிளாஸ்க் தனியாக. பயன்படுத்திய டயப்பரைக் கட்டிவைக்க ஒரு துணிப்பையும், அதை அறைக்குக் கொண்டுபோய்த் தொட்டியில் போடும் பொறுமையும் வேண்டும். ஹில்குரோவ் பள்ளத்தில் எறிந்துவிட்டுப் போகிறவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

அந்த மூன்றரை மணி நேரத்தை வீணாக நினைக்காதீர்கள். ரயிலில் கட்டிப்போட்ட மாதிரி இருந்த சின்னவனுக்கு அப்போதுதான் கால் கிடைக்கும். ஒருவர் மூட்டைகளோடும் மாமியாரோடும் காத்திருப்போர் அறையில் உட்காருங்கள், ஒருவர் அவனை நடக்க விடுங்கள், ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாறுங்கள். ஏழரைக்குச் சாப்பாடு. எட்டு மணிக்கு இருவருக்கும் இரவு உடை மாற்றிவிட்டால் வண்டி ஏறியதும் படுக்கைதான் பாக்கி. முதல் ஒரு மணி நேரம் உங்கள் கணவருடைய முறை என்று இங்கேயே எழுதிவைக்கிறேன், காட்டுங்கள்.

வர்க்கி (ஊட்டியின் மொறுமொறு பிஸ்கட்) வாங்குவதாக இருந்தால் கடைசி நாள் வாங்குங்கள். முன்பே வாங்கினால் அறைக் கட்டில் முழுவதும் துகளாகும், பிறகு எறும்பு வரும்.

ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் எழுதியது:

சகோதரி சொன்னது சரி. நான் சேர்க்க வேண்டியது ஒன்றுதான். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரைக்குமான இருக்கைகளை முதலில் பிடியுங்கள், சென்னைக்குத் திரும்பும் படுக்கைகளை அதே நாளில் அடுத்ததாக. ஜனவரிக் கடைசிக்கு முன்பதிவு இந்த வாரமே திறக்கிறது. காலை எட்டு மணிக்குத் தயாராக உட்காருங்கள்.

பெரம்பூர்க்காரி எழுதியது:

கணவர் இப்போதே அலாரம் வைத்துவிட்டார், ஐயா. பெரியவள் சுவரில் இருந்த எஞ்சினை அழித்துவிட்டு, பெட்டிகளுக்குப் பின்னால் மறுபடியும் வரைந்திருக்கிறாள். இறங்கும்போது முன்னால் வரும் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கு வேறு சுவர் வேண்டுமாம்.