'ஏற்புத்திறன்' வேண்டாம், 'தொற்றுநொய்மை' போதும்

அன்புள்ள ஐயா, வணக்கம்.

'சஸ்ஸெப்டிபிலிட்டி'க்கு, அதாவது நோய் எளிதில் தொற்றிக்கொள்ளும் நிலைக்கு, 'நோய் ஏற்புத்திறன்' என்று தாங்கள் எழுதியதைப் படித்தேன். தருமபுரியில் செவிலியம் படிக்கும் மாணவியருக்காக, மன உளைச்சலுக்கும் வைரஸ் தொற்றுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பாடக்குறிப்பு எழுதி வருகிறேன். அங்கே இந்தச் சொல் இடறுகிறது. திறன் என்றால் ஆற்றல்; நாம் சொல்ல வருவதோ ஆற்றல் குன்றிய நிலையை.

'ஏற்பு' இன்னும் பெரிய சிக்கல். உளைச்சலின்போது அதிகம் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன், செல்லுக்குள் அதைப் பற்றிக்கொள்ளும் 'ஏற்பி'யோடு (ரிசெப்டர்) இணைந்துதான் வேலை செய்கிறது. அழற்சி, அதாவது கிருமியை எதிர்க்கும்போது உடலில் வரும் வீக்கமும் சிவப்பும், அளவு மீறாமல் அடக்குவது அதன் பணிகளில் ஒன்று. உளைச்சல் மாதக்கணக்கில் நீடித்தால் நோய் எதிர்ப்புச் செல்கள் கார்டிசாலுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. ஹார்மோன் சுரந்தும் அழற்சி அடங்குவதில்லை. அமெரிக்க உளவியலாளர் ஷெல்டன் கோயன் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வு, இப்படிச் செல்கள் கார்டிசாலுக்கு மந்தமாகிவிட்டவர்களுக்கே சளி அதிகம் பிடித்ததைக் காட்டியது. தங்கள் சொல்லைக் கையாண்டால், 'ஏற்பியின் உணர்திறன் குறைய ஏற்புத்திறன் கூடுகிறது' என்று எழுத நேரும். முதலாண்டு மாணவி திகைத்துப் போவாள்.

என் பரிந்துரை 'தொற்றுநொய்மை'. நொய்மை, வலிமைக்கு நேர் எதிர். கேழ்வரகுக் களி கிண்டும்போது முதலில் நொய்யை வேகவிடும் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு, 'நொய்' என்றாலே முழு அரிசியின் உறுதி இல்லாதது என்று விளக்காமலே புரியும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம். கோயன் வேறு சிலரோடு சேர்ந்து 1991இல் வெளியிட்ட ஆய்வில், நலமாக இருந்த 394 பேருக்கு மூக்கில் சொட்டுமருந்து போல வைரஸைச் செலுத்தினார்கள். உளைச்சல் குறைந்தவர்களில் ஏறத்தாழ 27 சதவீதத்தினருக்கும், மிகுந்தவர்களில் 47 சதவீதத்தினருக்கும் சளி பிடித்தது. 'வைரஸ் எல்லோருக்கும் சென்றது. தொற்றுநொய்மைதான் ஆளுக்கு ஆள் வேறுபட்டது.' தடங்கலின்றி வாசிக்க முடிகிறது, பொருளும் பிசகவில்லை.

'நொய்மை' என்ற சொல் நோயாளியை இழித்துரைப்பது போல ஒலிக்கிறது என்று ஓர் அம்மையார் முன்பு கவலைப்பட்டிருந்தார். நியாயமான கவலைதான். ஆனால் நொய்மை பிறவிக் குறையல்ல, வந்து போகும் நிலை. 'தொற்றுநொய்மை கூடியிருக்கிறது' என்று நிலையைச் சுட்டியே எழுதுவோம். ஆளை 'நொய்ந்தவர்' என்று அழைக்க வேண்டாம்.

'ஸ்ட்ரெஸ்' என்பதற்கு 'மன அழுத்தம்' வேண்டாம் என்பதே என் கருத்து. மனச்சோர்வு நோயையும் மக்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். 'உளைச்சல்' இருக்கட்டும். ஹார்மோன் ஹார்மோனாகவே இருக்கலாம்.

பெயரடை வடிவம்தான் இன்னும் அமையவில்லை. 'தொற்றுநொய்ந்த செல்' என்பதா, 'தொற்றுநொய் செல்' என்று சுருக்குவதா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து ஒரு செவிலிய ஆசிரியை