பள்ளிக் காலத்தில் நிவாரணத்துக்கு வசூல் செய்த அனுபவம், உங்களுக்கும் இருந்தால் எழுதுங்கள்

பூம்பாறையிலிருந்து:

2018 நவம்பர் 16. விடிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த கஜா புயல் அன்றைக்கே எங்கள் மலைக்கும் வந்துவிட்டது. நான் அப்போது கொடைக்கானலில் பிளஸ் ஒன். பூம்பாறையிலிருந்து பஸ்ஸில் போய்ப் படித்த நாங்கள் ஏழெட்டுப் பேர், டவுன் பிள்ளைகளோடு அவ்வளவாக ஒட்டமாட்டோம், மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூடத் தனியாகத்தான் உட்காருவோம்.

ரோடெல்லாம் மரம் விழுந்து சில நாள் பஸ்ஸும் இல்லை, கரண்ட்டும் இல்லை. பள்ளி திறந்ததும் என்எஸ்எஸ் சார் கூப்பிட்டு, டெல்டாவில் தென்னந்தோப்பெல்லாம் வேரோடு சாய்ந்து கிடக்கிறது, நம்மால் முடிந்ததைச் செய்வோம் என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் கேரட் பாத்தியே மண்ணோடு போயிருந்தது, எங்களுக்கு யார் தருவார்கள் என்று நினைத்தேன். இதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுத மனசு வரவில்லை.

ஸ்வெட்டரும் கம்பளியும் அனுப்பலாம் என்றோம். மலையில் பிறந்தவர்களுக்குக் கஷ்டம் என்றாலே குளிர்தானே. சாருக்குப் பட்டுக்கோட்டையில் சொந்தக்காரர் உண்டு. போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அந்தம்மா, "கம்பளி வேணாம் தம்பி, கூரையே இல்ல, மேல போட தார்ப்பாய் குடுங்க. கொசுவத்தி, மெழுகுவத்தி, பொம்பளப் பிள்ளைங்களுக்கு நாப்கின்" என்றார். எல்லாருக்கும் கேட்டது. அவ்வளவு பேருக்கு நடுவில் நாப்கின் என்று ஒருவர் சத்தமாகச் சொன்னதும், எந்தப் பையனும் சிரிக்காததும் எங்கள் பள்ளியில் அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு இரண்டிரண்டு பேராகப் போனோம். என்னோடு வந்தவள் டவுனில் மளிகைக்கடைக்காரர் மகள். அவளுக்குச் சந்தையில் ஒருவரையும் தெரியாது, எனக்கோ கடைத்தெருவில் வாயே திறக்காது. சந்தையில் பூண்டு விற்கும் பாட்டி ஒருவர் எங்கள் ஊர். "காசு இல்ல பாப்பா, இத எடுத்துக்கோ" என்று ஒரு படி பூண்டை என் துப்பட்டாவில் கொட்டிவிட்டார். உண்டியலில் பூண்டை எப்படிப் போடுவது? நான் விழித்துக்கொண்டு நிற்க, அவள் ஓடிப்போய் அப்பா கடைத் தராசை எடுத்து வந்து, பஸ் ஸ்டாண்டில் டூரிஸ்ட்காரர்களிடம் கூவி விற்க ஆரம்பித்தாள். "மலைப்பூண்டு, புயல் நிவாரணத்துக்கு!" அதைப் பார்த்து மற்றவர்களும் பீன்ஸ், உருளைக்கிழங்கு என்று கொண்டுவந்து வைத்தார்கள். நான் சந்தைக்குள் போய் வாங்கி வருவேன், அவள் விற்பாள். சாயங்காலத்துக்குள் எனக்கும் கூவ வந்துவிட்டது.

தார்ப்பாய், கொசுவத்தி எல்லாம் வத்தலக்குண்டில் இறங்கித்தான் மொத்தமாக வாங்கினோம். வரவு செலவைச் சார்ட்டில் எழுதிப் பள்ளி வாசலில் ஒட்டினார் சார். முதல் வரி, பூண்டு ஒரு படி. அதற்கப்புறம் கடைசி பஸ்ஸை விட்ட நாளெல்லாம் நான் தங்கியது அந்த மளிகைக்கடை மாடியில்தான். அவள் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டுப் பூண்டு ஒரு மூட்டை போனது.

குன்னூரிலிருந்து:

எனக்கு டிசம்பர் 7 கொடி நாள் வசூல்தான். 1949-லிருந்து நடப்பது என்று புத்தகத்தில் படித்ததோடு சரி. வெலிங்டன் பக்கம் ஒரு வீட்டில் மப்ளர் கட்டிய தாத்தா எங்களை உட்காரவைத்து டீ கொடுத்து, தான் பட்டாளத்தில் இருந்த கதையைச் சொல்லி, கொடியை அவரே சட்டையில் குத்திக்கொண்டார். அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

கூடலூரிலிருந்து:

நான் ஆசிரியை. 2024 ஜூலை 30 விடிகாலை முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவு. எங்கள் பிள்ளைகளில் பலருக்கு வயநாட்டில் உறவு உண்டு. வகுப்பில் ஒரு பையன் நான்கு நாளாக வரவில்லை, சித்தப்பா குடும்பம் சூரல்மலையில். மற்ற பிள்ளைகள் வசூலுக்குக் கிளம்பும்போது, நான் ஒன்றும் சொல்லாமலே, அவன் பெயரைச் சொல்லிக் காசு கேட்கக் கூடாது என்று தங்களுக்குள் பேசி முடிவு செய்திருந்தார்கள். கேட்டபோது எனக்குப் பேச்சே வரவில்லை, ஏனென்றால் அவன் கதையைச் சொன்னால் அதிகம் சேரும் என்று எனக்கே ஒரு கணம் தோன்றியிருந்தது.

அவன் திரும்பி வந்த அன்று உண்டியலை பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்கள். மத்தியானம் அவனே கண்டுபிடித்துவிட்டான். யாரிடமும் ஒன்றும் பேசவில்லை. மணி அடித்ததும் உண்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு பந்தலூர் பஸ்ஸில் ஏறினான், இன்னும் மூன்று பேர் பின்னாலேயே ஓடி ஏறினார்கள்.