ஆர்.என்.ஏ. வடிகட்டல்: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

தர்மபுரியிலிருந்து:
இங்கே ஒரு கல்லூரியில் பயோடெக் பாடம் எடுக்கிறேன். புரதத்தைப் பிடிக்கும் ஆர்.என்.ஏ.வைத் தேடும் செலக்ஸ் முறையைச் செய்துகாட்ட எங்களிடம் வசதி இல்லை. அதனால் 1990இல் கிரெய்க் டர்க்கும் லாரி கோல்டும் அமெரிக்காவின் கொலராடோவில் செய்ததைப் பலகையில் போட்டு நடத்தினேன்.

டி4 வைரஸில் டி.என்.ஏ.வை நகலெடுக்கும் புரதமான டி.என்.ஏ. பாலிமரேஸ் ஒட்டும் ஆர்.என்.ஏ. வளைவில், எட்டு இடங்களில் மட்டும் எந்த எழுத்தும் (ஆர்.என்.ஏ.வின் நான்கு அடிப்படை அலகுகளில் எதுவும்) வரலாம் என்று கலைத்துவிட்டார்கள். இடத்துக்கு நான்கு எழுத்து என்றால் 65,536 வகை. புரதத்தோடு கலந்து நைட்ரோசெல்லுலோஸ் தாளில் வடிகட்டினால் புரதம் தாளில் தங்கும், அதைப் பிடித்த ஆர்.என்.ஏ.வும் கூடவே தங்கும். மற்றது கீழே போய்விடும். தங்கியதைக் கழற்றி, டி.என்.ஏ.வாக மாற்றி, பி.சி.ஆரில் பெருக்கி, மறுபடி ஆர்.என்.ஏ. ஆக்கினால் அடுத்த சுற்றுக்குத் தயார். கடைசியில் முந்தி நின்றவை இரண்டு: இயற்கையில் உள்ளது ஒன்று, நான்கு எழுத்து மாறியது ஒன்று. இரண்டின் பிடிப்பும் ஏறக்குறைய சமம்!

அப்போது பென்னாகரம் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்தாள். "மேடம், புரதத்தை விட்டுவிட்டுத் தாளிலேயே ஒட்டுகிற ஆர்.என்.ஏ. இருந்தால் அதுவும் சேர்ந்து பெருகுமே?" எனக்கு அவ்வளவு சந்தோஷம். இதை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள், வகுப்பில் வாசித்துக் காட்டுகிறேன்.

காவேரிப்பட்டணத்திலிருந்து:
மேடம், நான் பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் இருந்தபோது இதேதான் நடந்தது. ஆர்.என்.ஏ.வுக்குக் கதிரியக்க அடையாளம் போட்டிருந்தோம்; தாளில் எவ்வளவு தங்கியது என்று காட்டும் கதிரியக்கக் கவுண்ட் சுற்றுக்குச் சுற்று ஏறிக்கொண்டே போனது. சீனியர் அக்கா ஒருவர் மட்டும், "புரதம் போடாத குழாய் ஒன்றையும் வடிகட்டிப் பார்" என்றார். அதிலும் கிட்டத்தட்ட அதே கவுண்ட்! பெருகியிருந்தது தாளைப் பிடிக்கும் கூட்டம். அப்புறம் ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் ஆர்.என்.ஏ.வை வெறும் தாளில் வடித்து, கீழே இறங்கியதை மட்டும் எடுத்தோம். இடையிடையே தாளை விட்டு, புரதத்தைப் பிடித்துவைக்கும் காந்த மணிகளுக்கு மாறினோம். புரதத்தின் அளவையும் குறைத்துக்கொண்டே போனோம், போட்டி இருந்தால்தான் நல்ல பிடிப்புள்ளது மேலே வரும். அந்தத் தங்கச்சியிடம் சொல்லுங்கள், புரதம் இல்லாத குழாய் முதல் சுற்றிலிருந்தே வேண்டும்.

ஓசூரிலிருந்து:
மருந்தாக்க நினைப்பவர்களுக்கு இன்னொன்று. சாதாரண ஆர்.என்.ஏ. ரத்தத்தில் சீக்கிரமே சிதைந்துவிடும். 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெகாப்டனிப் என்ற கண் மருந்தும் இந்த முறையில் தேர்ந்தெடுத்த ஆர்.என்.ஏ.தான்; அதற்கு, தேர்வு செய்யும்போதே ஃபுளோரின் சேர்த்த எழுத்துகளைப் பயன்படுத்தினார்கள். தேர்வு முடிந்தபின் மாற்றினால் மடிப்பு மாறிப் பிடிப்பே போய்விடலாம். இதையும் வகுப்பில் சேர்த்துச் சொல்லுங்கள் மேடம்.