மறு: மின்சாரம் வேண்டாத அந்தப் பாத்திரத்துக்கு என்ன பெயர்?

அன்புள்ள குழுவினருக்கு,

ஏற்காட்டு அண்ணனின் பாத்திரத்துக்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த விவாதத்தை நான்கு நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நேற்று ராத்திரி ‘மின்சாரமற்ற கையடக்க நீர்த் தூய்மையாக்கி’ என்று ஒரு பரிந்துரை வந்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

ஏற்காட்டு அண்ணன் கேட்டது எளிய கேள்வி. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்ததிலிருந்து, வீட்டில் ஆபத்துக்காலப் பொருள்களை ஒரு பெட்டியில் எடுத்து வைக்கிறார். அதில் அடுப்பின்மேல் வைக்கிற, இரண்டு பானைக்கு நடுவே செருகுகிற எவர்சில்வர் சாதனம் ஒன்றும் இருக்கிறது. கீழ்ப்பானையில் தண்ணீர் கொதிக்கும். ஆவி மேலே ஏறி, குளிர்ந்த தண்ணீர் நிற்கும் மேல்பானையின் அடியில் பட்டுத் துளியாகும். துளிகள் ஒரு வளையத்தில் சேர்ந்து குழாய் வழியே வெளியே சொட்டும், உப்பு கீழேயே தங்கிவிடும். இதைப் பற்றி மலைக்கிராமத்து ஆட்களுக்கு ஒரு துண்டறிக்கை எழுதவேண்டும், பெயர் சொல்லுங்கள் என்றார். நாம் முப்பது மடல் எழுதிவிட்டோம், துண்டறிக்கை இன்னும் வரவில்லை.

> ‘காய்ச்சி வடிகட்டும் கலம்’ என்றால் எல்லாருக்கும் புரியுமே?

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். என் சண்டையே இந்த ஒரு சொல்லோடுதான். வடிகட்டுவது என்றால் துணியிலோ சல்லடையிலோ ஊற்றி அழுக்கை நிறுத்துவது. உப்பு தண்ணீரில் கரைந்திருக்கிறது, அது எந்தத் துணியிலும் நிற்காது. காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு சாகாது. பக்கத்துத் தர்மபுரி மாவட்டத்தில், அதிகமானால் பல்லைக் கெடுக்கும் ஃபுளோரைடுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது நமக்குத் தெரியும். அந்த மாதிரி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சக் காய்ச்ச, தண்ணீர் குறைந்து, இருக்கிற ஃபுளோரைடு இன்னும் அடர்த்தியாகும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. ‘காய்ச்சி வடிகட்டு’ என்று துண்டறிக்கையில் அடித்துக் கொடுத்தால், யாராவது ஒரு அம்மா அப்படியே நம்பிப் பாலைப் போலக் காய்ச்சி, வேட்டித் துணியில் வடிகட்டிக் குழந்தைக்குக் கொடுப்பார். குற்றம் நம்முடையது.

‘வடிகட்டி’ வேண்டாம், ‘காய்ச்சி வடித்தல்’ போதும் என்றார் ஈழத்து நண்பர். இலக்கணப்படி அது சரி. ஆனால் பேச்சில் ‘காய்ச்சு’ ஏற்கெனவே சுமை தாங்காமல் நிற்கிறது. பால் காய்ச்சுகிறோம், கஞ்சி காய்ச்சுகிறோம். ஊட்டிப் பக்கம் தைலம் காய்ச்சுகிறார்கள். கள்ளத்தனமாக ஊறல் போடுகிறவர்கள் காய்ச்சுவது என்ன என்று நான் சொல்லவேண்டியதில்லை. இதில் தைலத்திலும் சாராயத்திலும் நடப்பதுதான் நமக்கு வேண்டிய வேலை. பாலில் நடப்பது வேறு. ‘வடி’யும் அப்படித்தான், சோறு வடிக்கிற வீட்டில் வடிப்பது என்றால் கஞ்சியை இறுப்பது.

‘தீநீர்க் கலம்’ என்ற பரிந்துரை எனக்கு மிகவும் பிடித்தது. ஓமத் தீநீர் சித்த மருந்துக்கடையில் இன்றும் கிடைக்கிறது, அது இப்படி ஆவியாக்கிக் குளிரவைத்து எடுப்பதுதான். சிக்கல் என்னவென்றால், இந்தக் குழுவிலேயே மூன்று பேர் அதைத் ‘தேநீர்க் கலம்’ என்று தட்டச்சு செய்துவிட்டீர்கள். ஒரு கொம்பு கூடினால் கெட்டில் ஆகிவிடுகிற சொல்லை நான் முன்மொழிய மாட்டேன்.

ஆக, நான் கேட்பது ‘வாலை’.

சித்தர் நூல் வழக்கில் ஆவியை ஏற்றிக் குளிரவைத்து வடிக்கும் கருவிக்கே இந்தப் பெயர் உண்டு. பழைய அகராதிகளில் இருக்கிறது. வாலை வடித்தல், வாலை வடிநீர் என்று பள்ளிப் புத்தகத்திலும் படித்திருக்கிறோம், பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்டோம். எளிய சொல், இரண்டே எழுத்து, நாக்கில் சட்டென்று ஏறும். ‘பதங்கம்’ என்ற சித்த மருத்துவச் சொல் வேதியியலுக்கு வந்து பதங்கமாதலாக (திடப்பொருள் உருகாமல் நேராக ஆவியாவது) உட்கார்ந்துவிட்டதே, வாலைக்கு மட்டும் என்ன தடை? ‘வாலை என்றால் நாய் வாலை மாதிரி இருக்கிறது’ என்று கேலி செய்த தம்பிக்கு: ‘மாலை’யில் பூவும் பொழுதும் இருக்கிறது. இடம் பார்த்துப் பொருள் கொள்ளத் தமிழனுக்குத் தெரியும்.

அடுத்தது அடைமொழி. ‘மின்சாரமற்ற’ வேண்டாம். ஒரு பொருளிடம் இல்லாததைச் சொல்லிப் பெயர் வைத்தால், அம்மிக்கல்லை ‘மின்சாரமற்ற மிக்ஸி’ என்று அழைக்க வேண்டியிருக்கும். அது எதன்மேல் உட்காருகிறதோ அதைச் சொல்வோம்: அடுப்பு வாலை. வெயிலில் வைப்பதற்கு வெயில் வாலை என்று ஒன்று பின்னால் தேவைப்பட்டால் ஜோடியாகப் பொருந்தும். ‘கையடக்க’ என்பதும் ஏமாற்றுச் சொல், இது குத்துப்போசி அளவு இருக்கிறது. ‘தூக்குவாலை’ என்று ஓமலூர் அக்கா சொன்னது அழகுதான், தூக்குப்போசி மாதிரி. ஆனால் போனில் சொன்னால் எதிராளி தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வருவார்.

சேலத்தில் உட்கார்ந்து இதைப் பேசும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. 1916-ல் இதே ஊரில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழில் அறிவியல் சொல் ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கி, பத்திரிகையும் நடத்தினார்கள். நூறு வருஷம் தாண்டி நாம் ஒரு பானைக்குப் பெயர் தேடுகிறோம்.

சொல்லை விட்டுவிட்டுப் பொருளுக்கு வருகிறேன், ஏனென்றால் துண்டறிக்கையில் இதுவும் வேண்டும். மச்சான் வாங்கிக் கொடுத்த ஒன்றை அயோத்தியாப்பட்டணத்து வீட்டில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்தேன். எங்கள் போர் தண்ணீரில் பருப்பு வேகாது. அது சொட்டுச் சொட்டாக வெளியே வந்தபோது ருசியே இல்லை, அதுதான் நல்ல செய்தி. கெட்ட செய்தி எரிபொருள். ஒரு லிட்டரைக் கொதிக்கவைக்க 300 கிலோஜூலுக்குச் சற்று மேல் போதும். அதை முழுக்க ஆவியாக்க மேற்கொண்டு 2,250 வேண்டும். அடுப்பில் வீணாவதையும் சேர்த்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 100 கிராம் எரிவாயு. 14.2 கிலோ சிலிண்டர் 140 லிட்டரில் காலி. எனவே மழைத்தண்ணீரோ ஓடைத்தண்ணீரோ இருந்தால், தேத்தாங்கொட்டையை உரசிக் கலங்கலைத் தெளியவைத்துக் காய்ச்சுவதே புத்திசாலித்தனம். ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் ஏற்காட்டு உயரத்துக்கும் போதும். உப்பு, ஃபுளோரைடு, கன உலோகம் இவற்றுக்குத்தான் வாலை.

மேல்பானைத் தண்ணீர் சீக்கிரம் சூடேறிவிடும், அப்புறம் ஆவி துளியாகாமல் சந்து வழியே தப்பித்துவிடும். முதல் வாரம் நான் இதைக் கவனிக்காமல் சமையலறையை இட்லிக் குண்டான் ஆக்கினேன். மாற்றிக்கொண்டே இருங்கள். மேல்பானைக்கு நல்ல தண்ணீர் தேவையில்லை. சூடான அந்தத் தண்ணீரையே கீழ்ப்பானைக்கு ஊற்றினால் கொஞ்சம் எரிவாயுவும் மிச்சம்.

> மலையில் சீக்கிரம் கொதிக்கிறது, ஆகவே எரிபொருள் குறையும் அல்லவா?

அண்ணா, 1,500 மீட்டரில் தண்ணீர் 95 டிகிரியில் கொதிக்கும், உண்மைதான். ஆனால் செலவு பெரும்பாலும் ஆவியாக்குவதில், அங்கே மலை உதவாது. மிச்சம் ஒரு சதவீதம்கூட வராது. இன்னொன்றையும் கட்டாயம் எழுதுங்கள்: மண்ணெண்ணெய், பெட்ரோல் கலந்த தண்ணீரைப் போட்டால் அதுவும் ஆவியோடு ஏறி வந்து சேரும். காப்பித் தோட்டத்து மருந்துகளில் சிலவும் அப்படித்தான். இந்தத் தண்ணீருக்கு வாலை காவல் இல்லை.

பாகங்களுக்கு என் பட்டியல்: அடிப்பானை, குளிர்ப்பானை, சொட்டுக்குழாய். துளி சேரும் வளையத்துக்கு ‘ஏந்துவளையம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், திருப்தி இல்லை. செவ்வாய்ப்பேட்டைப் பாத்திரக்கடையில் வளையத்தைக் காட்டி இதற்கு என்ன பேர் என்று கேட்டேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நீங்க என்னங்க காய்ச்சப் போறீங்க?” என்றார்.

அண்ணா, துண்டறிக்கையில் ‘அடுப்பு வாலை’ என்று போட்டு, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் படம் வரையுங்கள். விளக்க வாக்கியம் வேண்டாம்.

பி.கு.: வாலைநீர் என்றால் பேட்டரித் தண்ணீர்தானே என்று கேட்ட தம்பிக்கு. எடுக்கும் முறை ஒன்றாக இருக்கலாம், ஆனால் ஒர்க்‌ஷாப்பில் விற்கிற கேன் குடிப்பதற்காக அடைத்தது இல்லை. அதைத் தயவுசெய்து பெட்டியில் வைக்காதீர்கள்.