பழைய ஆம்ப்ளிஃபையர்: எல்லா மின்தேக்கிகளையும் மாற்றித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி – ஒலித்தட்டு

வணக்கம். 1970களின் பிற்பகுதியில் வந்த டிரான்சிஸ்டர் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் ஒன்று நெடுங்காலம் பயன்படுத்தப்படாமல் கிடந்து இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. இயக்கிப் பார்த்ததில் மூன்று குறைகள் தெரிகின்றன. வால்யூமை முழுவதும் குறைத்தாலும் இரண்டு ஸ்பீக்கர்களிலும் ஒரே அளவில் உறுமல் கேட்கிறது. வால்யூம் குமிழைத் திருகினால் கரகரக்கிறது. ஒலி மெல்லியதாக இருக்கும்போது இடப்பக்கம் அடங்கிப்போய், வால்யூமைக் கூட்டினால் சட்டென்று திரும்பி வருகிறது. பார்த்தவர்கள் எல்லோரும் மின்தேக்கிகள் அனைத்தையும் மாற்றச் சொல்கிறார்கள். பற்றவைக்கும் பழக்கமும் ஒரு மல்ட்டிமீட்டரும் உண்டு, அலைகாட்டி இல்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

மறுமொழி – ஈயக்கம்பி

நீங்கள் சொல்லும் மூன்றும் மூன்று வெவ்வேறு இடத்துக் கோளாறுகள். மின்தேக்கிகளை எல்லாம் மாற்றினாலும் அவற்றில் ஒன்றுதான் தீரும்.

முதலில் ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, 60 அல்லது 100 வாட் இழை பல்பு ஒன்றை மின் இணைப்பில் தொடராக வைத்து இயக்குங்கள் (எல்இடி பல்பு இதற்கு உதவாது). பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. தொடர்ந்து பிரகாசமாகவே எரிந்தால் உள்ளே எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று பொருள், அதைக் கண்டுபிடிக்கும் வரை நேரடி இணைப்பு வேண்டாம். அதில் தேறிய பிறகு பல்பை நீக்கிவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் நேர்திசை மின்னழுத்தம் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. வோல்ட் கணக்கில் இருந்தால் ஸ்பீக்கரை மாட்டவே கூடாது.

வால்யூமைப் பொருட்படுத்தாமல் இரண்டு பக்கமும் சமமாக வரும் உறுமல், வால்யூம் கண்ட்ரோலுக்குப் பிந்திய, இரு பக்கத்துக்கும் பொதுவான பகுதியிலிருந்து வருகிறது. பெரும்பாலும் அது பவர் சப்ளைதான். அங்குள்ள பெரிய மின்தேக்கிகளின் குறுக்கே மாறுதிசை மின்னழுத்தத்தை அளந்து, பாட்டு எதுவும் ஓடாத நிலையில் பல நூறு மில்லிவோல்ட் காட்டினால் அவற்றை மாற்றுங்கள். மலிவான மீட்டர்கள் சில நேர்திசை அழுத்தத்தையும் சேர்த்துக் காட்டிவிடும் என்பதால், முனைகளை இடம் மாற்றி வைத்தும் ஒருமுறை அளப்பது நல்லது. உள்ளே கைவைக்கும் முன் மின்சாரத்தைத் துண்டித்து, அந்த மின்தேக்கிகளில் தேங்கியிருக்கும் மின்னூட்டத்தை 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக வடித்துவிடுங்கள். திருப்புளியால் பொறி பறக்க வடிக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை.

இடப்பக்கம் அடங்குவதற்கு ஸ்பீக்கர் ரிலேயைத்தான் (ஆம்ப்ளிஃபையரை ஸ்பீக்கரோடு இணைக்கும், மின்சுருளால் இயங்கும் சுவிட்ச்) சந்தேகிப்பேன். அதன் தொடுமுனைகளில் படிந்த ஆக்சைடு சிறிய சிக்னலைத் தடுக்கும், பெரிய சிக்னல் அதை உடைத்துக்கொண்டு போய்விடும்.

மறுமொழி – பழுதுமேசை

ரிலேயைக் கழற்றுவதற்கு முன் டேப் மானிட்டர் சுவிட்சையும் (டேப் ரெக்கார்டரின் ஒலியைக் கேட்பதற்கானது) எந்தக் கருவியின் ஒலி வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் செலக்டரையும் இருபது முப்பது தடவை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். அவற்றில் அழுக்கு ஏறினாலும் இதே அறிகுறிதான் வரும். அதில் மாற்றம் தெரிந்தால், வால்யூம் கண்ட்ரோலோடு சேர்த்து அவற்றுக்குள்ளும் கான்டாக்ட் கிளீனரைச் சிறிதளவு செலுத்தித் திருகிவிடுங்கள். துரு நீக்கும் பொது எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம். அது தங்கி, தூசியைச் சேர்த்துக்கொள்ளும்.

மின்தேக்கி விஷயத்தில் மேலே எழுதிய நண்பரோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. நாற்பது ஆண்டு கடந்த எலக்ட்ரோலிட்டிக் வகை மின்தேக்கி இன்று நன்றாக அளவு காட்டினாலும் அதை நம்பி விடுவதற்கில்லை. ஆனால் ஒரே நாளில் அனைத்தையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, பிறகு ஆம்ப் இயங்காவிட்டால் எந்த இடத்தில் பிளஸ், மைனஸ் முனை மாறியது என்று தேடி மாளாது. ஒரு போர்டை முடித்து, இயக்கிப் பார்த்து, அடுத்ததற்குப் போங்கள். வோல்ட் அளவு பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கட்டும். 105 டிகிரி வெப்பம் வரை தாங்கும் வகையாக இருந்தால் நல்லது. பெரிய மின்தேக்கிகளின் அடியில் பூசிய பசை பழுப்பேறியிருந்தால் அதைச் சுரண்டி எடுங்கள். காலப்போக்கில் அது மின்சாரத்தைக் கடத்தவும் பக்கத்து ரெசிஸ்டர்களின் கால்களை அரிக்கவும் தொடங்கும்.

ஒலித்தட்டு

இருவருக்கும் நன்றி. பல்பு உடனே மங்கியது. ஸ்பீக்கர் முனைகளில் இடப்பக்கம் 18, வலப்பக்கம் 11 மில்லிவோல்ட். பெரிய மின்தேக்கி ஒன்றில் 40 மில்லிவோல்ட்டும் மற்றதில் 900க்கு மேலும் காட்டியது, முனைகளை மாற்றி வைத்தபோதும் அப்படியே. இரண்டையும் மாற்றியதும் உறுமல் நின்றது, குமிழின் கரகரப்பும் கிளீனரில் போய்விட்டது. சுவிட்சுகளால் பயனில்லை. இடப்பக்கம் அடங்கும்போது ரிலேக்கு முன்னால் சிக்னல் இருக்கிறது, பின்னால் இல்லை. தொடுமுனைகளை உப்புத்தாளால் தேய்க்கலாமா?

ஈயக்கம்பி

வேண்டாம், மேற்பூச்சு போய்விடும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த விசிட்டிங் கார்டுத் துண்டைத் தொடுமுனைகளுக்கு இடையில் விட்டு மெல்ல இழுங்கள். கறுப்பு படிவது நின்றால் போதும். இது தற்காலிகத் தீர்வுதான், சில மாதங்களில் மறுபடியும் வரலாம். புதிய ரிலே வாங்கும்போது சுருளின் வோல்ட், சுருளின் ஓம் அளவு, கால்களின் அமைப்பு மூன்றும் பழையதோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். ஓம் குறைவாக இருந்தால் அதை இயக்கும் சிறிய டிரான்சிஸ்டர் சூடாகிக் கெட்டுவிடும்.