எச்செவெரியா இலைகள் அழுகிக்கொண்டே இருக்கின்றன, வழி சொல்லுங்கள்

வணக்கம். கடலூர் தேவனாம்பட்டினத்தில், கடற்கரைக்கு நடந்தே போகும் தூரத்தில் வீடு. மொட்டை மாடியில் ஒரு வருடமாகச் சக்குலண்ட் (தடித்த இலையில் தண்ணீர் சேர்த்து வைக்கும் செடிகள்) வளர்க்கிறேன். ஜேடு பிரச்சினையே இல்லை. ஒடிந்த கிளையைச் சும்மா செருகி வைத்தேன், அதுவும் துளிர்த்துவிட்டது. ஹவோர்த்தியாவும் பக்கத்திலேயே குட்டி போட்டுக்கொண்டிருக்கிறது.

ரோஜாப்பூ மாதிரி இலை அடுக்கிய எச்செவெரியாதான் படுத்துகிறது. புதுச் செடி உண்டாக்க, இலையை அடி பிய்யாமல் முழுசாகக் கழற்றி, நான்கு நாள் நிழலில் காயவிட்டு, மண் மேல் படுக்க வைக்கிறேன். இரண்டு மூன்று வாரத்தில் ரோஸ் நிறத்தில் நூல் மாதிரி வேர் வருகிறது. கடுகளவு குட்டிச்செடியும் எட்டிப் பார்க்கிறது. சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் தாய் இலை கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டால் கொழகொழ. இருபது இலையில் பிழைத்தது மூன்று.

கலவை: செம்மண் ஒரு பங்கு, சலித்த ஆற்று மணல் இரண்டு பங்கு, கொஞ்சம் கரித்தூள். முதலில் தேங்காய் நார்த்தூள் நிறையப் போட்டு ஈரம் கட்டிக்கொண்டது, அது என் தப்பு. இப்போது அதுவும் இல்லை, ஆனாலும் அழுகல் நிற்கவில்லை. மெக்சிகோ மலைச்செடிக்கு நம் ஊர் ராத்திரிப் புழுக்கம் ஒத்துவரவில்லையோ?

வேர் வந்த பிறகு தண்ணீரைத் தெளிப்பதா, தட்டில் ஊற்றி அடியிலிருந்து உறிஞ்ச விடுவதா? எத்தனை நாளுக்கு ஒருமுறை? ஐப்பசி மழைக்கு முன்னால் ஷீட் போட்டால் போதுமா, வீட்டுக்குள்ளேயே எடுத்துவிட வேண்டுமா?

கடலூர், பாண்டி பக்கம் வளர்ப்பவர்கள் சொன்னால் நல்லது. ஊட்டிக்காரர்கள் மன்னிக்கவும், உங்கள் ஊரில் செங்கல் மேல் வைத்தாலும் வளரும். உதவுகிறவர்களுக்கு ஹவோர்த்தியா குட்டி தருகிறேன், நேரில் வந்து எடுத்துக்கொள்ளலாம்.